காற்று திரும்பியபோது: பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு பழைய தறவாட்டு உணவகத்தின் சமையற்கட்டு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கேரளத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் பகுதியில் நடந்தது இது. பாலக்காடு நகரத்தைவிடப் பொள்ளாச்சிக்குத்தான் இந்த ஊர்க்காரர்கள் அதிகம் போவார்கள். சித்தூர் ஒரு காலத்தில் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் சென்னை ராஜதானியின் நிலப்பகுதி இருக்க, இது மட்டும் தனித்துண்டாகக் கொச்சி ராஜாவிடம் இருந்தது. அதனாலோ என்னவோ இங்கே வீடுகளும் பல தினுசு. கிழக்கே போகப்போகக் கொங்குநாட்டுத் தொட்டிக்கட்டு வீடுகள், மேற்கே வரவரக் கேரள பாணி நாலுகெட்டு.

இந்த ஆய்வில் வருவது ஒரு நாலுகெட்டு. நிலவுடைமை நாயர் குடும்பம் ஒன்றின் தறவாடு, அதாவது தலைமுறைகளாக வந்த கூட்டுக்குடும்ப வீடு. 1970 ஜனவரி 1-இல் குத்தகை நிலம் உழுதவனுக்கு என்று ஆனபோது நெல் வரத்து நின்றது. 1976 டிசம்பரில் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஆளாளுக்குப் பங்கு பிரிந்தபோது, வீட்டைப் பராமரிக்க வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போயிற்று. பாலக்காட்டில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் பலவற்றுக்கும் இதே கதைதான்.

வாரிசுகளிடமிருந்து வீட்டை வாங்கியவர்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்து அக்காவும் தம்பியும். அக்கா கோவையில் துணிக்கடை நடத்துகிறார். தம்பி ஓட்டல் மேலாண்மை படித்துவிட்டு வெளிநாட்டில் சில வருடம் வேலை பார்த்தவர். பழைய வீட்டைச் சீர்செய்து, முன்பதிவு செய்து வருபவர்களுக்கு மட்டும் உயர்தர உணவு பரிமாறும் இடமாக்குவது அவருடைய யோசனை. பணம் பெரும்பாலும் அக்காவுடையது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எடுத்த முடிவுகளில் இதற்கும் பங்கு உண்டு.

நான் உணவகங்களுக்குச் சமையற்கட்டு வடிவமைப்பவன். கட்டும்போது இவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. தொல்லை தொடங்கிய பிறகுதான் கூப்பிட்டார்கள். இருவர் அனுமதியோடும் எழுதுகிறேன். அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டேன்.

வீடு

நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு கட்டு. கிழக்கே பூமுகம் என்னும் முன்முகப்பு. வடகிழக்கு மூலையில் சமையற்கட்டு. அதை ஒட்டி, உள்ளே இருந்தே கயிறு இறக்கி நீர் சேந்தும்படி ஒரு கிணறு. மேற்கே நெல் சேமிக்கும் பத்தாயமும் பூஜை அறையும். சுவர் வெட்டுக்கல்லும் மண்ணும், மேலே சுண்ணாம்புப் பூச்சு. உத்தரமும் கைமரமும் தேக்கு, மச்சுப் பலகை பலா. வீட்டுக்கு இருநூறு வயது என்று குடும்பத்தார் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் கூரை ஓட்டில் மங்களூர் முத்திரை இருந்தது. மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865-இல்தான். ஆகவே இன்றைய கூரை அதற்குப் பிறகு மாற்றியது.

சீரமைப்பு நன்றாகவே நடந்திருந்தது. கரையான் அரித்த கைமரங்களை மட்டும் எடுத்துவிட்டு, பழைய வீடுகளை இடித்த மரத்திலிருந்தே மாற்று மரம் வாங்கிப் போட்டிருந்தார்கள். முன்கட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்புதான். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து, ஊறவைத்து, பொறுமையாகப் பூசியிருந்தார்கள். விருந்தினர் கண்ணில் படும் இடத்தில் ஒரு குறையும் இல்லை.

கண்ணில் படாத இடம் சமையற்கட்டு. அங்கே வேறு ஒரு ஒப்பந்ததாரர். மூன்று பக்கச் சுவரிலும் சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசி, ஏழடி உயரத்துக்குப் பீங்கான் ஓடு பதித்து, அதற்கு மேல் கழுவக்கூடிய பெயிண்ட். வழக்கமான ஓட்டல் சமையற்கட்டு. உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்தால் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார், கேட்கவும் இல்லை. புகைபோக்கிக் குழாயைச் சுவர் வழியாக வெளியே எடுத்து, இறவாரத்துக்குக் கீழே கிழக்கு நோக்கித் திருப்பிவிட்டிருந்தார்கள். கூரையைத் துளைக்க வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான் காரணம்.

திறப்பும் முதல் மூன்று மாதமும்

ஒத்திகைச் சமையல் ஆனி, ஆடி மாதங்களில் நடந்தது. ஆடியில் திறக்க வேண்டாம் என்று அக்கா சொல்ல, ஆவணி பிறந்ததும் ஓணத்துக்கு முன்பாகத் திறந்தார்கள். 36 இருக்கை. இரவு மட்டும். ஒன்பது சுற்று உணவு, தலைக்கு 2,200 ரூபாய். பெங்களூரில் பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர் செஃப்.

பாலக்காட்டுச் சாப்பாட்டைச் சின்னச் சின்னத் தட்டுகளில் தருவதுதான் அவருடைய பாணி. மொளகூட்டல் (பருப்பும் தேங்காயும் சேர்த்த காய்க் கூட்டு) இரண்டு கரண்டி, மேலே பொரித்த இலை. இடிச்சக்கை என்னும் பலாப்பிஞ்சு ஒரு உருண்டை. சக்கப் பிரதமன் என்னும் பலாப்பழப் பாயசம் பனிக்கூழாக. ராமசேரி இட்லி கால் துண்டு, நடுவில் பொடி. எல்லாம் பார்க்க அழகு. சுவையும் மோசமில்லை. கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் படம் எடுத்துப் போட்டார்கள். அதைப் பார்த்து இன்னும் பலர் வந்தார்கள்.

உள்ளூர்க்காரர்களின் அனுபவம் வேறு. பொள்ளாச்சியிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் மூன்றாவது சுற்றில் மொளகூட்டல் இன்னொரு கை கேட்டிருக்கிறார். இல்லை என்று சொன்னதும் அவருக்குப் புரியவே இல்லை. காசு கொடுத்துச் சாப்பிட வந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் போடுங்க என்று கேட்டால் இல்லை என்பார்களா? பரிமாறிய பையன் என்ன சொல்வதென்று தெரியாமல் உள்ளே போய்த் தம்பியைக் கூட்டிவந்திருக்கிறான். இந்தச் சங்கதியைத் தம்பி சிரித்துக்கொண்டேதான் எனக்குச் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

இருந்தாலும் நவம்பர் நடுவில் பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்த்திருவிழா முடியும்வரை மேசைகள் நிறைந்தன. கணக்கு அவர்கள் பயந்த அளவுக்கு மோசமாக இல்லை.

மார்கழியில் தெரிந்தது

தேர் முடிந்த பத்துப் பதினைந்து நாளில் காற்று திரும்பியது.

பாலக்காட்டுக் கணவாயை அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு இருக்கும் திறப்பு இது. தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக இந்த வாசல் வழியே பாயும். கார்த்திகையிலிருந்து மாசிவரை கிழக்கிலிருந்து மேற்காக வறண்ட காற்று அடிக்கும். உதடு வெடிக்கும், பனையோலை ராத்திரி முழுக்கச் சடசடக்கும். வடக்கு தெற்காகக் காற்று வீசுவது இங்கே அபூர்வம். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வரைபடம் போட்டவர் இந்த ஊர்க்காரர் இல்லை.

முதல் புகார் நடுமுற்றத்தைச் சுற்றிய திண்ணை மேசைகளிலிருந்து வந்தது. எண்ணெய்ப் புகை வாசனை. பட்டுப்புடவையில் வந்த ஒருவர், வீட்டுக்குப் போயும் புடவையில் வாசனை போகவில்லை என்று மறுநாள் போன் செய்தார். ஒரு வாரத்துக்குள் கிட்டத்தட்ட தினமும் புகார். மேசைகளைத் தென்கட்டுக்கு நகர்த்தினார்கள், அங்கேயும் வந்தது. சாம்பிராணி போட்டார்கள். சாம்பிராணியும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். புகைபோக்கி மோட்டாரை இன்னும் பெரிதாக்கினார்கள். அதன் பிறகு சத்தமும் சேர்ந்துகொண்டது.

இந்தச் சமயத்தில்தான் நான் போனேன்.

நேரில் பார்த்தவை

புகை ஏன் உள்ளே வருகிறது என்பது சிக்கலான விஷயம் இல்லை. சமையற்கட்டு வடகிழக்கில் இருக்கிறது, காற்று கிழக்கிலிருந்து வருகிறது. குழாயின் வாய் கூரை முகட்டுக்குக் கீழே, காற்றை எதிர்த்து நிற்கிறது. வெளியே தள்ளிய புகையைக் காற்று திருப்பிக் கூரைமேல் ஏற்றுகிறது. முகட்டைத் தாண்டிய காற்று மறுபக்கம் சுழன்று கீழே இறங்கும். அந்தப் பக்கம்தான் திறந்த நடுமுற்றம். சுழலுக்கு நடுவே ஒரு குழி கிடைத்தால் புகை அதற்குள்தான் விழும். மோட்டாரைப் பெரிதாக்கினால் குழிக்குள் விழும் புகையும் கூடும், அவ்வளவுதான். ஆனி, ஆடியில் ஒத்திகை பார்த்தபோது மேல்காற்று அடித்ததால் புகை நேராக வயலுக்குப் போயிற்று. ஒத்திகையில் தவறில்லை, அது பாதி வருடத்துக்கான ஒத்திகை.

புகையைவிட என்னைக் கவலைப்படுத்தியவை வேறு இரண்டு.

முதலாவது, குழாய் இறவாரத்தை ஒட்டிப் போகும் இடம். ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். குழாயின் மூட்டில் எண்ணெய் கசிந்து, தேன் நிறத்தில் பிசினாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே இருந்த பலகையின் அடிப்பாகம் கறுத்திருந்தது. விரலால் தேய்த்தால் வரும் கரி இல்லை, மரமே நிறம் மாறியிருந்தது. எண்ணெய் படிந்த குழாய், நூறு வருடம் காய்ந்த தேக்கு, கிழக்கத்திக் காற்று. இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும்போது சட்னி எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது, சுவர். பீங்கான் ஓடு முடிந்த இடத்துக்கு மேலே பெயிண்ட் கொப்பளித்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வெட்டுக்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். ஓடும் சிமெண்டும் அதற்கு வழி விடுவதில்லை. ஈரம் மேலே ஏறி, வழி கிடைத்த இடத்தில் வெளியேறும்போது உப்பை அங்கே விட்டுவிட்டுப் போகும். சுவரின் மறுபக்கம், சாப்பாட்டு அறையில், புதிதாகப் பூசிய சுண்ணாம்பு உள்ளங்கை அகலத்துக்குப் பொருபொருவென்று உதிர்ந்திருந்தது. இரண்டு பேர் வேலையை ஒருவருக்கொருவர் கேட்காமல் செய்ததன் பலன்.

பரிமாறுவதிலும் சிக்கல் இருந்தது. இந்த வீட்டு வாசற்படிகள் உயரம், நிலைகள் தாழ்வு. தட்டை ஏந்திக்கொண்டு ஒரே நேரத்தில் காலைத் தூக்கித் தலையைக் குனிய வேண்டும். மழை பெய்தால் முற்றத்தைக் குறுக்கே கடக்க முடியாது, மூன்று பக்கத் திண்ணையையும் சுற்ற வேண்டும். ஒன்பது சுற்று, 36 பேர். நாலு பையன்கள் இதைச் செய்தார்கள். சின்னத் தட்டில் வைத்த இரண்டு கரண்டி மொளகூட்டல் இந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் ஆறிவிடும். பெரிய கிண்ணத்தில் இருப்பது சூடு தாங்கும். சின்னத் தட்டு தாங்காது.

உடனடியாகச் செய்தது

பலகையைக் காட்டிய அன்றே பொரிப்பதையும் தாளிப்பதற்கு மேல் பெரிய தீ எரிப்பதையும் வீட்டுக்குள் நிறுத்தச் சொன்னேன். தம்பி ஒரு வாரம் அவகாசம் கேட்டார், முன்பதிவுகள் இருந்தன. அக்கா போனை வாங்கி, "அந்தப் பலகை எரிஞ்சா முன்பதிவு இருக்குமா?" என்றார். அன்று இரவே அடுப்பு நின்றது.

இருக்கையை 20 ஆகக் குறைத்தோம். பொரிக்க வேண்டியவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்தோம். குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து, மூட்டுகளை அடைத்து, மரத்தை ஒட்டிப் போகாதபடி தள்ளி வைத்தோம். எரிவாயு உருளைகள் சமையற்கட்டின் மூலையில் இருந்தன. அவற்றை வெளியே கூண்டுக்குள் மாற்றினோம். இவை தற்காலிக ஏற்பாடு.

எடுத்துப் பார்த்த வழிகள்

கூரையைத் துளைத்து, முகட்டுக்கு மேலே உயரும் புகைபோக்கி வைப்பது முதல் யோசனை. காற்றியல்படி இது வேலை செய்யும். ஆனால் இரண்டு கைமரங்களை வெட்ட வேண்டும். ஓட்டுக்கூரையில் போட்ட துளை என்றைக்கும் ஒழுகும். பூமுகத்திலிருந்து பார்த்தால் முகட்டுக்கு மேலே ஒரு எஃகுக் குழாய் நிற்கும். எண்ணெய்க் குழாய் மரக்கூரைக்குள் போவதும் தொடரும். வேண்டாம் என்றேன்.

அடுத்தது, முழுக்க மின் அடுப்பு. செஃபுக்கு இது பிடித்திருந்தது. ஆனால் அந்தத் தெருவின் மின்மாற்றி அந்தச் சுமைக்குப் போதாது; தனி மின்மாற்றிக்குச் செலவு, காத்திருப்பு. பொரிக்கும் புகை மின் அடுப்பிலும் வரத்தான் செய்யும். பாதி ஏற்றுக்கொண்டோம், பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது, சமையலையே வீட்டுக்கு வெளியே கொண்டுபோவது. தம்பி இதற்கு ஒப்பவில்லை. சமையலும் வீடும் சேர்ந்ததுதான் அனுபவம் என்பது அவர் வாதம்; பூமுகத்தில் உட்கார்ந்தால் உள்ளே தாளிக்கும் சத்தம் கேட்க வேண்டும். வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வெளியே எங்கே வைப்பது என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. மேற்கே வைத்தால் ஆடியில் புகை வரும். கிழக்கே வைத்தால் மார்கழியில் வரும்.

தேகண்டக்காரர் காட்டிய இடம்

ஓணத்துக்கு ஒரு நாள் மட்டும் சத்யை என்னும் இலை விருந்து சமைக்க, அக்கா ஒரு முதியவரை வரவழைத்திருந்தார். கல்யாணச் சமையல்காரர்களை இந்தப் பக்கம் தேகண்டக்காரர் என்பார்கள். எழுபது வயதைத் தாண்டியவர், எல்லோருக்கும் 'சாமி'. சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு இதே வீட்டுக் கல்யாணங்களுக்குப் பாத்திரம் தூக்க வந்தவர். அவரை மறுபடி கூப்பிட்டுப் பேசலாம் என்று அக்காதான் சொன்னார்.

சமையற்கட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு சாமி கேட்டது ஒரே கேள்வி: "இங்கயா வச்சேள்?" அப்புறம் வடக்குப் புறவாசல் வழியாக வெளியே நடந்தார். கிணற்றைத் தாண்டி, நெல் குத்தும் பழைய உரப்புரையின் சுவர் மட்டும் நிற்கும் இடத்துக்கு அருகே நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால் மண்ணைக் கீறினார். நாலு விரல் ஆழத்தில் வெட்டுக்கல் தட்டுப்பட்டது. மண்வெட்டி கொண்டுவந்து சுரண்டினோம். வரிசையாகப் பதித்த கற்கள். நடுவில் நீளமாகப் பள்ளம். பள்ளத்தின் இரண்டு ஓரமும் சுட்ட செங்கல்போலக் கறுத்துச் சிவந்திருந்தன. கோட்டையடுப்பு. வார்ப்பு என்னும் பெரிய பாத்திரம் மூன்றை ஒரே வரிசையில் வைக்கலாம்.

"ஆத்துக்குள்ள நித்தியச் சமையல் மட்டும்தான் தம்பி. இருபது பேருக்கு மேலே போனா அடுப்பு இங்க வந்துடும். மேலே கொட்டாய். எந்தக் காத்து அடிச்சாலும் புகை நேரா ஓடிடும், வீட்டுப் பக்கம் திரும்பாது."

கையில் திசைகாட்டி இருந்தது, பார்த்தேன். அடுப்புப் பள்ளம் வீட்டுக்கு நேர் வடக்கே, இருபது மீட்டர் தள்ளி இருக்கிறது. காற்று கிழக்கிலிருந்து வந்தாலும் மேற்கிலிருந்து வந்தாலும் புகை வீட்டுக்கு இணையாகப் போகும். கணவாயில் வேறு திசைக் காற்று அதிகம் இல்லை என்பதால் வருடம் முழுவதற்கும் இது சரியான இடம். உள்ளே இருபது பேருக்கு மேல் சமைப்பதில்லை என்ற கணக்கும், நான் தற்காலிகமாக வைத்த இருபதும் ஒன்றாக அமைந்தது தற்செயல். ஆனால் தம்பியின் மனது மாறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நாலு நாள் கழித்து, பலத்த காற்று அடித்த மாலையில், அந்தப் பள்ளத்தில் தேங்காய் மட்டையும் ஈரச் சருகும் போட்டு எரித்துப் பார்த்தோம். புகை தரையோடு மேற்கே தென்னந்தோப்புக்குள் ஓடியது. முற்றத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

முடிவும் வேலையும்

பெரிய தீ, பொரியல், சோறு, பாயசம் எல்லாம் வடக்குப் புறத்தில் புதிய கொட்டகைக்கு மாறியது. இரும்புச் சட்டம், ஓட்டுக்கூரை, மூன்று பக்கம் பாதிச் சுவர். பழைய கோட்டையடுப்பை மூடவில்லை; அதற்கு இரண்டடி தள்ளிப் புதிய அடுப்புகளை அமைத்தோம். வீட்டின் சமையற்கட்டில் மின் அடுப்பு மட்டும். அங்கே சூடு காப்பதும் தாளித்துக் கொட்டுவதும் தட்டு அடுக்குவதும் நடக்கும். தம்பி கேட்ட தாளிக்கும் சத்தம் இப்படிப் பிழைத்தது. கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடு வேய்ந்த நடைபாதை. வீட்டுச் சுவரைத் தொடாமல் ஒரு முழம் முன்னதாகவே அது நின்றுவிடும்.

கொட்டகைக்குப் பஞ்சாயத்து அனுமதி, திருத்திய வரைபடத்தோடு உணவுப் பாதுகாப்பு உரிமம், தீயணைப்புத் துறைப் பரிசோதனை என்று அலைச்சல் இருந்தது. கொட்டகையைக் கூடவே வாகனம் நிறுத்துமிடமாகவும் மேற்கே நீட்டலாம் என்று ஒரு பேச்சு வந்தது. மேற்கே இருப்பது ஆவணப்படி நெல்வயல். கேரளத்தில் 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது அதில் ஒரு கூடை மண் கொட்டுவதும் வம்பு. வண்டிகள் சாலையோரத் தோப்பிலேயே நிற்கின்றன, வருபவர்கள் சற்று நடக்கிறார்கள்.

சுவர் வேலைதான் பொறுமையைச் சோதித்தது. பீங்கான் ஓட்டையும் சிமெண்டையும் கொத்தி எடுத்துவிட்டு, சுவரை வெறுமனே உலர விட்டோம். கிழக்கத்திக் காற்று இங்கே உதவிக்கு வந்தது. உலர்ந்த பிறகு சுண்ணாம்பு, மறுபடி ஒவ்வொரு பூச்சுக்கும் இடைவெளி. கழுவும் தொட்டி உள்ள ஒரு பக்கத்துக்கு மட்டும் சுவரைத் தொடாமல் நிற்கும் எஃகுத் தகடு, பின்னால் காற்றோட்டம். அதிகாரிக்குக் கழுவக்கூடிய பரப்பு வேண்டும், சுவருக்கு மூச்சு வேண்டும். இரண்டுக்கும் இது ஒத்துவந்தது. இந்த வேலை முடியும்வரை உணவகம் வார இறுதியில் மட்டும் நடந்தது.

சாப்பாட்டில் வந்த மாற்றம்

சமையல் இருபது மீட்டர் தள்ளிப் போனதும் ஒன்பது சுற்று சாத்தியமில்லை என்று செஃபே சொல்லிவிட்டார். என்ன செய்வது என்பதில்தான் அக்காவும் தம்பியும் முட்டிக்கொண்டார்கள்.

"இலை போட்டா கல்யாண மண்டபம் ஆயிரும்க்கா."

"மண்டபமே தேவலாம். அங்க சோறாவது சூடா இருக்கும்."

கடைசியில் ஐந்து சுற்று. முதல் இரண்டும் கடைசி ஒன்றும் செஃபின் சின்னத் தட்டுகள். நடுவில் இரண்டு சுற்று இலையில்: மட்ட அரிசிச் சோறு, மொளகூட்டல், எரிசேரி, ஓலன், காளன், பொடித்துவல். இலைச் சுற்றில் கேட்டால் மறுபடி போடுவார்கள். பாத்திரத்தோடு கொண்டுவந்து பரிமாறுவதால் சூடு தங்குகிறது. கனத்த உருளியை ஒருவர் தூக்க, ஒருவர் பரிமாறுகிறார். படியில் தடுக்கி விழாமல் இருக்கத் தட்டுகளைவிட இதுவே வசதி என்று பையன்கள் சொன்னார்கள்.

ராமசேரி இட்லி விஷயத்தில் செஃப் பிடிவாதம் பிடித்துத் தோற்றார். எலப்புள்ளிக்கு அருகே அந்தச் சின்ன ஊரில், தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் செய்யும் இட்லி அது. தோசைபோலத் தட்டை. மண்பானை வாயில் நூல் வலை கட்டி, துணி விரித்து, விறகடுப்பில் வேகவைப்பது. செஃப் மின் ஆவிப்பெட்டியில் செய்து பார்த்தார். வந்தது வெறும் தட்டை இட்லி. ஒரு நாள் தாங்கும் இட்லி என்பதால் இப்போது காலையில் அங்கிருந்தே வாங்கிவந்து, மாலையில் கொட்டகையில் ஆவி காட்டி, முழுசாக, பொடியும் தேங்காயெண்ணெயுமாகக் கொடுக்கிறார்கள். எந்த ஊர் இட்லி என்பதைப் பட்டியலிலும் எழுதியிருக்கிறார்கள்.

விளைவு

அடுத்த கிழக்குக் காற்றுப் பருவம் வந்தபோது முற்றத்தில் எண்ணெய் வாசனைப் புகார் வரவில்லை. கொட்டகைக்குப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருமுறை முணுமுணுத்தார். எண்ணெய் வடிகட்டியை வாரம் இருமுறை கழுவுவதாக ஒப்புக்கொண்டதும் அடங்கினார்.

இருக்கை 24 இல் நிலைத்தது. விலை 1,800 ஆனது. கூட்டிக்கழித்தால் நிறைந்த நாளின் வரவு முன்பைவிடக் கிட்டத்தட்ட பாதி. ஆனால் ஆள் செலவு அந்த அளவுக்குக் குறையவில்லை. கொட்டகைக்கு இரண்டு பேர் கூடுதல். தம்பியின் முதல் கணக்குப்படி போட்ட பணம் திரும்பிவரும் காலம் நீண்டுவிட்டது. மதியம் இலைச் சாப்பாடு மட்டும் தொடங்கினார்கள், அதில் பொள்ளாச்சி, பாலக்காட்டுக் குடும்பங்கள் வருகின்றன. வெளியூர்க்காரர்களின் படங்களால் வந்த கூட்டம் குறைந்தது. அது இதனால்தானா, புதுமை போனதாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. செஃப் ஒரு வருடம் கழித்து வேறு வேலைக்குப் போனார். சண்டை எதுவும் இல்லை.

சுவரில் ஒரே ஒரு இடத்தில், கிணற்றை ஒட்டி, மறுபடி உப்புப் பூத்தது. ஈரத்துணியால் துடைக்காமல் உலர்ந்த தூரிகையால் தட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். ஈரத்துணி உப்பைக் கரைத்து மீண்டும் சுவருக்குள்ளேயே அனுப்பிவிடும். வடக்குத் திண்ணை மச்சில் படிந்த எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது. காரம் போட்டுக் கழுவினால் பலாப்பலகை நிறம் மாறிவிடும் என்பதால் யாரும் அதில் கைவைக்கவில்லை. கறுத்த இறவாரப் பலகையை மட்டும் மாற்றினோம்.

மறுபடி செய்வதென்றால்

கணவாய்ப் பகுதியில் இப்படி ஒரு வேலைக்குக் கூப்பிட்டால், வரைபடம் போடும் முன்பே இரண்டு காற்றுக்கும் ஒவ்வொரு முறை சருகுப் புகை போட்டுப் பார்ப்பேன். ஆறு மாதம் காத்திருக்க முடியாது என்று உரிமையாளர் சொல்வார். அப்படியானால் திறப்பைக் காற்று திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளட்டும். மூன்று மாதம் தள்ளிப்போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடக் கொத்தி எடுத்த சிமெண்டுக்கு அதிகம் செலவாயிற்று.

சமையற்கட்டுச் சுவரையும் சாப்பாட்டு அறைச் சுவரையும் ஒரே ஆளிடம் கொடுக்க வேண்டும். அது ஒரே சுவர்.

அந்த வீட்டில் முன்பு சமைத்தவர் யாராவது உயிரோடு இருந்தால், கட்டடக்கலைஞருக்கு முன்பே அவரை அழைத்துவர வேண்டும். சாமி ஓணத்துக்கு வந்தபோதே சமையற்கட்டைப் பார்த்தவர்தான். அன்றைக்கு அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை; கேட்காததைச் சொல்லும் பழக்கம் அவருக்கும் இல்லை.

இருக்கை எண்ணிக்கையை வரவுக் கணக்கிலிருந்து தொடங்கிப் போடுவதை நான் இப்போது ஏற்பதில்லை. வாசற்படி, நிலை, திண்ணைச் சுற்று, அடுப்பின் இடம் இவற்றைப் பார்த்து எத்தனை பேருக்குச் சூடாகப் பரிமாற முடியும் என்று முதலில் கண்டுபிடித்து, அந்த எண்ணில் கணக்கு நிற்கிறதா என்று பிறகு பார்க்கலாம். நிற்காவிட்டால் வேறு வீடு பார்க்கலாம், அல்லது வேறு தொழில்.

மேல்மாடியில் நாலு தங்கும் அறை அமைப்பது பற்றி இப்போது பேச்சு நடக்கிறது. ஒரு அறையின் வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் சாப்பாட்டுக்கான ஜிஎஸ்டி 5 சதவிகிதத்திலிருந்து 18 ஆகிவிடும் என்று கணக்காளர் எச்சரித்திருக்கிறார். ஆகவே வாடகை அதற்குக் கீழேதான். மச்சுப் பலகைக்கு மேல் குளியலறை வைக்கக்கூடாது என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தம்பி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.